பாவாங் என்று சொல்லிக் காப்பாற்றிய லில்லி

அவித்த மரவள்ளிக்கிழங்கு வாடை... காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். ஜப்பான்காரன் காலத்தில் காஜா பெராங் தெருவில் எங்கள் வீட்டுக்குள் வேறு வாசமே கிடையாது.

அப்பாவை சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோய்விட்டார்கள். அவர் ஆசையாக வாங்கிவைத்த லில்லிக் கிழங்குகள் சாக்கில் கிடந்தன. வீணாகிவிடுமே என்று அம்மாவும் அக்காவும் மரவள்ளிக்கு நடுவில் நட்டார்கள். கிழங்கோட கழுத்து மண்ணுக்கு மேலே தெரியணும், இல்லாவிட்டால் அழுகிப்போகும்... அப்பா சொல்லிக்கொடுத்தது.

வீட்டு மண்ணில் சாப்பிடுகிற பயிர்தான் போட வேண்டும் என்று உத்தரவு. பூச்செடியைக் கண்டால் பிடுங்கி எறிவார்கள்.

தெருவைக் கண்காணிக்க ஜப்பான்காரன் வைத்திருந்த தமிழர் ஒருநாள் வந்து நின்றார்.

"பக்கத்து வீட்டு பீபி இங்க பாக்கோங் இருக்குன்னுச்சே. எங்க?"

பீபி, தலைமுறை தலைமுறையாக இங்கேயே இருந்து தமிழை மறந்துபோன செட்டி வீட்டு அம்மாள். மலாய்தான் பேசுவார். பாக்கோங் என்றால் லில்லி. பாவம், கபடமில்லாமல் சொல்லியிருக்கிறார்.

அக்காதான் முன்னால் வந்தாள். பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும்.

"பாக்கோங் இல்லைங்க ஐயா, பாவாங். வெங்காயம். பீபிக்குப் பல்லு இல்ல, வார்த்தை அப்படித்தான் வழுக்கி விழும்."

வேலி ஓரம் நின்ற பீபிக்குப் பல் முப்பத்திரண்டும் இருந்தது. 'பாவாங்' காதில் விழுந்ததும், அக்கா தன் பல்லைத் தொட்டுக் காட்டியதும் புரிந்துகொண்டார். உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு கிழவி மாதிரி தலையாட்டினார்.

வந்தவர் ஒரு கிழங்கைப் பிடுங்கி மோந்து பார்த்தார். "வாசமே காணோமே?"

"நறுக்கினாத்தானே ஐயா வாசம். கத்தி கொண்டாரவா?"

அக்கா கத்தி எடுக்கப் போகிற மாதிரி உள்ளே ஓரடி வைத்தாள்.

"வேணாம், வேணாம். விளைஞ்சா நமக்கும் ரெண்டு குடு."

போய்விட்டார்.

அதற்குப் பிறகு மொட்டு எட்டிப்பார்த்தால் அக்கா கிள்ளிவிடுவாள். வெங்காயம் சிவப்பாகப் பூக்காதே... அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்பா திரும்பி வரவில்லை. ஆனால் ஜப்பான்காரன் போன பிறகு அத்தனை செடியும் பூத்தது. அப்பப்பா, என்ன சிவப்பு. தெருவே வந்து பார்த்தது. அம்மா நிமிர்ந்து நின்றதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அக்கா போன மாதம் போய்விட்டாள். அழுது இன்னும் ஓயவில்லை. இதையும் நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் டைப் பண்ணுகிறாள்.

இப்போ நர்சரியில் கிழங்கை பாக்கெட்டில் போட்டு, படமும் பேரும் ஒட்டி விற்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். செமாபோக்கில் இருக்கும் அக்கா வீட்டில், அந்தப் பழைய கிழங்கின் வழியில் வந்த செடியைப் பிரித்து, நேற்று என் கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்க்க நட்டேன்.

போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும்.