வியன்னாவுக்கு எந்த மாதம் நல்ல மாதம்

நான் எந்த ஊருக்கும் மாதம் பார்த்துப் போனவன் இல்லை. எட்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சைக்குக் கிளம்பி வழியில் லாரி ஏறியவன். கோலாப்பூரில் பரோட்டா போட்டேன். நாக்பூர் ரயில் நிலையத்தில் தை மாதக் குளிருக்குப் பேப்பரைப் போர்த்திப் படுத்தேன். அதில் ஒன்றும் பெருமை இல்லை, போர்வை இல்லை, அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகும் பதினெட்டு வருடம் கால் நிற்கவில்லை. இப்போது அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறேன்.

அப்படிப்பட்ட நான், வியன்னாவுக்கு எந்த மாதம் போவது என்று இரண்டு வருடம் யோசித்தேன்.

மகள் அங்கே நர்ஸ். அவளை அந்த அளவுக்குக் கொண்டுவந்தது என் மனைவி. மகள் கூப்பிட்ட முதல் வருடமே மனைவி போய்ப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். எனக்குத்தான் சீசன் சரியாக அமையவில்லை.

ஒருநாள் என் ஆட்டோவில் ஐரோப்பா டூர் போய்வந்த ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் ஏறினார். விடுவேனா?

"மே மாசம் போங்க. மரமெல்லாம் பூவா நிக்கும்" என்றார்.

"சித்திரைத் திருவிழா வந்துருமே சார்."

"அப்ப ஜூலை."

"ஆடியில எவன் சார் புதுசா ஒண்ணத் தொடங்குவான்?"

பின்சீட்டில் இருந்த காலேஜ் பையன் உதவிக்கு வந்தான். "அண்ணே, செப்டம்பர் கூட்டம் இருக்காதாம்ணே."

"புரட்டாசிப்பா. கறி திங்காம அந்த ஊர்ல என்னத்தத் திங்கிறது?"

பொங்கலுக்கு ஜல்லிக்கட்டு, மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிடு என்று மிச்ச மாதங்களையும் நானே அடைத்தேன். பழங்காநத்தத்தில் இறங்கும்போது வாத்தியார் சொன்னார்: "உங்களுக்குன்னு பதிமூணாவதா ஒரு மாசம் கண்டுபிடிக்கணும்யா."

இதை வீட்டில் சிரிப்பாகச் சொன்னேன். மனைவி சிரிக்கவில்லை. "பதினெட்டு வருசம் நீங்க ஊர் ஊராத் திரிஞ்சப்ப அழகரு ஆத்துல இறங்காமக் கரையிலயேவா நின்னாரு?" என்று கேட்டுவிட்டுத் துணி காயப்போடப் போனாள்.

உண்மை என்னவென்றால், மகள் ஒருமுறை போனில், "என்கூட வேலை பாக்குறவங்க எல்லாம் உங்களப் பாக்கணும்னு சொல்றாங்கப்பா" என்றாள். அன்றிலிருந்துதான் எனக்கு மாதங்கள் கண்ணில் படத் தொடங்கின. யாருமில்லாதவனாக ஒரு ஊருக்குள் நுழைவது எனக்குக் கைவந்த வேலை. ஒருத்தியின் அப்பாவாகப் போய் நின்று பழக்கமில்லை. அவள் பள்ளிக்கூட வாசலில்கூட நின்றதில்லை.

போன வருடம் புரட்டாசியில் மகளே மாதத்தைச் சொன்னாள்.

"நவம்பர்ல வாங்க. உங்களுக்குன்னு லீவு சேத்து வச்சிருக்கேன். வருசக் கடைசியோட போயிரும். போன வருசமும் அப்படித்தான் வீணாப் போச்சு."

"நவம்பர் அங்க எப்படிம்மா இருக்கும்?"

"மோசமா இருக்கும். நாலரைக்கே இருட்டிரும். மழை, மூடுபனி. ஊரு பாக்க வாரவங்க யாரும் அப்ப வர மாட்டாங்க." அதோடு விடவில்லை. "வரலைன்னா இப்பவே சொல்லிருங்கப்பா. இனிமே லீவு எடுத்து வைக்க மாட்டேன்."

ஐப்பசி அடைமழை என்று ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். "வாரேன்" என்றேன்.

மகள் சொன்னதில் பொய் இல்லை. பெரிய சர்ச் கோபுரம் என்று அவள் கை காட்டிய இடத்தில் பாதிக் கோபுரம்தான் இருந்தது, மீதி மூடுபனி. விமான நிலையத்திலேயே ஒரு கறுப்புக் கோட்டை நீட்டியிருந்தாள். நான் முதன்முதலில் வருகிறேன் என்று சொன்னபோது வாங்கி வைத்ததாம். அன்றைக்கிருந்த உடம்புக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். ஆட்டோவில் உட்கார்ந்தே வளர்த்த வயிற்றைத் தாண்டிப் பட்டன் வர மறுத்தது.

"வேற வாங்கிக்கலாம்பா."

"இதுவே போதும்" என்று ஒரு கையால் கோட்டை இழுத்துப் பிடித்துக்கொண்டே ஊரெல்லாம் நடந்தேன்.

மூன்றாம் நாள் அவளுடைய ஆஸ்பத்திரி கேன்டீனுக்குக் கூட்டிப்போனாள். ஐந்தாறு பேர் எழுந்து நின்றார்கள். விமானத்தில் மனப்பாடம் செய்திருந்த ஆங்கில வாக்கியம் முதல் சொல்லோடு மறந்துபோனது. வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் கூப்பினேன். பிடி விட்டதும் கோட் திறந்து வயிறு முன்னால் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். மகள் அவர்கள் மொழியில் ஏதோ நீளமாகச் சொல்ல, இன்னும் சத்தமாகச் சிரித்தார்கள்.

"என்னம்மா சொன்ன?"

"எங்கப்பா வந்துட்டாருன்னு."

"அதுக்கா இம்புட்டு நேரம்?"

"ரெண்டு வருசமா வாராரு வாராருன்னு சொல்லிட்டே இருந்தேன்ல. அப்படி ஒரு ஆளே கிடையாது, நான் சும்மா கதை விடுறேன்னு நினைச்சிட்டாங்கப்பா."

அவர்கள் நினைத்ததில் தப்பில்லை. ரொம்ப வருடம் அதுதான் நிஜம். நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கோட்டை இழுத்து மூடாமல் அப்படியே நின்றேன்.