வீட்டுக்குள் போட ஒரு சோடி

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைத்தால் குதிக்காலில் ஆணி ஏறியது போல இருக்கும். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சற்று நின்று, பிறகு விரல் நுனியில் குளியலறைக்குப் போவேன். தேநீர் குடித்து முடிக்க வலி கொஞ்சம் இளகும். இன்றைக்குப் பரவாயில்லை என்று என்னையே பேய்க்காட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன். பின்னேரம் வீடு திரும்பும்போது இரண்டு காலும் கொதிக்கும்.

எனக்கு டூட்டிங்கில் ஒரு மருந்துக்கடையில் வேலை. கவுண்டரில் நிற்பது நான்தான். அங்கே கதிரை போட இடமில்லை; போட்டாலும் இருக்க விடமாட்டார்கள், சனம் அப்படி வரும். லண்டனுக்கு வந்த புதிதில் கடைக்காரனிடம் பால் எங்கே என்று கேட்கக்கூடக் கூசியவள் நான். பிறகு படித்து, சோதனை எழுதி, அந்தக் கவுண்டருக்கு வந்தேன். இருமலுக்கு எந்தப் பாணி மருந்து, பிரஷர் மாத்திரையோடு இதைக் குடிக்கலாமா என்று வயதான ஆட்கள் என்னைத் தேடி வந்து கேட்பார்கள். அந்த இடத்தை நான் லேசில் விடுகிற ஆள் இல்லை.

சப்பாத்து வாங்காமல் இருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒரு வருடமாக அதுதான் என் சனிக்கிழமை வேலை. மெத்தென்று இருந்த ஒன்று இரண்டு கிழமையில் அப்பளமாய்த் தட்டையானது. பார்க்க வடிவாக இருந்த கறுப்புச் சப்பாத்து சுண்டுவிரலைக் கடித்தது. போடப் போட இளகும் என்று கடைக்காரி சொன்னாள். இளகியது என் பொறுமைதான். ஓட்டக்காரர் போடுவதை வாங்கச் சொன்னார் என் கணவர். வாங்கினேன். ஓடவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

எங்கள் கடையின் மருந்தாளர் தமிழ்நாட்டுப் பெண், என்னைவிட இளையவள். கடைக்குப் பொறுப்பும் அவள்தான். நான் ஒரு காலை மாற்றி மறுகாலில் நிற்பதை அவள் பல நாள் கவனித்திருக்கிறாள்.

"அக்கா, இப்படி வலியோட நிக்காதீங்க. மேல உக்காந்து மாத்திரை அடுக்குற வேலைக்கு மாத்திடறேன்," என்றாள்.

அன்பாகத்தான் சொன்னாள். எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. மேல்மாடியில் யன்னல் இல்லாத ஒரு சின்ன அறையில் இருந்து, வயதானவர்களுக்கு ஒரு கிழமைக்கான மாத்திரைகளைப் பெட்டிகளில் போடுகிற வேலை அது. பேசுவதற்கு ஒரு மனிசர் இல்லை. அடுத்த மாத முடிவு வரை தவணை கேட்டேன். தந்தாள், ஆனால் ஊருக்கெல்லாம் டாக்டரைப் பார்க்கச் சொல்லும் நான் முதலில் என் காலைக் காட்ட வேண்டும் என்றாள்.

கால் கிளினிக்கில் மாதக்கணக்காகக் காத்திருக்க வேண்டும் என்றார்கள். யாராவது வராமல் விட்ட இடம் இருக்கிறதா என்று காலையில் கடைக்குப் போகுமுன் தினமும் போன் எடுத்தேன். என் தொல்லை தாங்காமலோ என்னவோ, ஒரு நாள் இடம் தந்தார்கள்.

அங்கிருந்த வைத்தியர் என் காலை அமத்திப் பார்த்தார். கொண்டுபோன சப்பாத்துகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தார். குதியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், விரல் மடிகிற இடத்தில் மட்டும் வளைய வேண்டும் என்றார். என் காலை அளந்துவிட்டு, நான் போடுகிற அளவு என் இளவயது அளவு என்றார். கால் அகன்றுபோனது எனக்குத் தெரியவில்லை. பிறகு, வீட்டில் என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார்.

ஒன்றுமில்லை, எங்கள் வீட்டுக்குள் யாரும் சப்பாத்துப் போடுவதில்லை என்று பெருமையாகவே சொன்னேன்.

வீட்டில் எவ்வளவு நேரம் நிற்பீர்கள் என்று அடுத்த கேள்வி. சமையல், பாத்திரம் கழுவுவது, உடுப்பு அயர்ன் பண்ணுவது என்று சொல்லிக்கொண்டு போனேன். என்ன தரை என்று கேட்டார். கறி மணமும் தூசியும் பிடிக்கிறது என்று கார்ப்பெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் பலகை போட்டோம். நான்தான் பிடிவாதமாய்ப் போடுவித்தேன். அவர் பேனையைக் கீழே வைத்தார். வேலைக்கு எந்தச் சப்பாத்தை வாங்கினாலும், அந்தத் தரையில் வெறுங்காலோடு நின்று அதன் பலனை நீங்களே கெடுக்கிறீர்கள் என்றார். காலையில் கட்டிலால் இறங்கும்போதே சப்பாத்தோடு இறங்க வேண்டுமாம். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கேஸ் பெட்டி திருத்த வந்த மனிசனையே வாசலில் மறித்துச் சப்பாத்தைக் கழற்றப் பண்ணியவள் நான். அந்த ஆளின் சொக்ஸில் ஓட்டை இருந்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது நானே வீட்டுக்குள் சப்பாத்தோடு நடப்பதா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. இறங்கும்போது குதி குத்தியது. சரி, நடப்பது என்று முடிவெடுத்தேன்.

சனிக்கிழமை பின்னேரம், கால் நன்றாக வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்துக் கடைக்குப் போனேன். கடைக்காரி காட்டிய வடிவானவற்றை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒரு அளவு கூட்டி, அகலமானதாக, குதி இறுக்கமானதாக எடுத்து, அவள் பொறுமை போகும்வரை கடைக்குள் நடந்தேன். இரண்டு சோடி வாங்கினேன். வேலைக்கு ஒன்று, வெளித்தரையே தொடாமல் வீட்டுக்கு ஒன்று. இரண்டும் கண்றாவியாக இருந்தன.

எங்கள் வீட்டில் சாமிப்படங்கள் இருப்பது சமையலறைத் தட்டில். கணவர் என் காலைப் பார்த்தார், படங்களைப் பார்த்தார்.

"சாமிக்கு முன்னால சப்பாத்தோடையோ?"

"விளக்கு வைக்கேக்க கழற்றுவன். மற்ற நேரம் போடுவன்," என்றேன்.

அன்று அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு முன்னறையில் போயிருந்து சாப்பிட்டார். எனக்கும் சுகமாக இருக்கவில்லை. முதல் சில நாள் சோறு வடிக்கும்போது கோவிலுக்குள் செருப்போடு நுழைந்தவள் போல உடம்பு கூசியது. இருந்தாலும் கழற்றவில்லை. கிழமைகள் போக, ஒரு நாள் காலையில் கட்டில் விளிம்பைப் பிடிக்காமலே எழும்பிப் போயிருக்கிறேன். குளியலறைக் கண்ணாடியைப் பார்த்தபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மாத முடிவுக்குக் கிட்ட ஒரு ஞாயிறு, கணவரின் தமக்கை கிங்ஸ்பரியில் இருந்து சாப்பாட்டுக்கு வந்தார். ஆசாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வருகிறார் என்றதும் அன்றைக்கு மட்டும் கழற்றிவிடுவோமா என்று எனக்கும் தோன்றியது. ஒரு நாள் கழற்றினால் அடுத்த விருந்தாளிக்கும் கழற்ற வேண்டிவரும். போட்டபடியே மீனைப் பொரித்தேன். மச்சாள் சமையலறை வாசலில் நின்று என் காலையே பார்த்தார்.

"என்ன பிள்ளை, வீட்டுக்குள்ள சப்பாத்தோடையோ நிக்கிறீர்?"

ஆயத்தமாக வைத்திருந்த பதிலைச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் பின்னால் கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்த கணவர்தான் பேசினார்.

"அவ நிக்க வேணும், அக்கா. விடுங்கோ."

மச்சாள் சாப்பாட்டு மேசையில் போய் இருந்தார். நான் திரும்பி அடுப்பைப் பார்த்தேன். கண் கலங்கியதை ஒருவருக்கும் காட்ட விருப்பமில்லை. மீன் ஒரு பக்கம் கொஞ்சம் கருகித்தான் போனது. திங்கட்கிழமை கடை திறந்ததும், மருந்தாளரிடம் மேல்மாடிக்கு வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன்.