என் தங்கை மாற்றிய கடவுச்சொல்

என் தங்கையை வீட்டில் எல்லோரும் குடைச்சல் என்றுதான் கூப்பிடுவோம். அப்பா வைத்த பெயர். ஏழாம் வகுப்பில் அவளுடைய பஸ் பாஸில் பிறந்த தேதி ஒரு நாள் தள்ளி அச்சாகியிருந்தது. ஒரு நாள்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அப்பா சொல்லிப் பார்த்தார். அவள் நான்கு முறை அந்த அலுவலகத்துக்கு நடந்தாள். ஐந்தாவது முறை வாசலில் அவள் தலை தெரிந்ததுமே குமாஸ்தா கை நீட்டிப் பாஸை வாங்கித் திருத்திக் கொடுத்துவிட்டாராம்.

நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். சட்டைத் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். பிசிறு, விட்டுப்போன தையல், பொத்தான் எண்ணிக்கை இவற்றைப் பார்த்து அனுப்புவது என் வேலை. கம்ப்யூட்டரைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் தங்கை சொன்னதுதான். இதில் கடைசிப் பகுதியை மட்டும் நேரில் பார்த்தேன்.

படிப்பு முடித்ததும் அவளுக்குக் கிடைத்த முதல் வேலை போன் எடுப்பது. ஒரு பெரிய கம்பெனியில் கடவுச்சொல்லை மறந்தவர்கள் கூப்பிடுவார்கள், புதிதாகப் போட்டுக் கொடுக்க வேண்டும். நாளைக்கு அறுபது பேர். சரியாகத்தான் அடித்தேன் என்று அறுபது பேரும் சத்தியம் செய்வார்களாம். பக்கத்து நாற்காலிக்காரர்கள் போனைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். இவள் மட்டும் ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்துவைத்தாள். இரண்டு வருஷம் கழித்துக் கூட்டிப் பார்த்தால், பத்துக்கு மூன்று பேர் உண்மையிலேயே சரியாகத்தான் அடித்திருக்கிறார்கள். கோளாறு வேறெங்கோ இருந்திருக்கிறது. அதற்குப் பிறகு அவள் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை.

இப்போது அவள் ஒரு ஸ்கேன் சென்டரில் கம்ப்யூட்டர் பொறுப்பு. மூன்று மாடி, முப்பத்திரண்டு ஊழியர்கள். எடுக்கிற படமெல்லாம் கீழே இருக்கும் பெரிய கம்ப்யூட்டரில் சேரும். தினமும் சென்டர் மூடியபின் ஒரு மென்பொருள் அவற்றை நெட்வொர்க் வழியாக மேல்மாடியில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு நகல் எடுத்து அனுப்பும். பெட்டி கடவுச்சொல் கேட்கும், மென்பொருள் சொல்லும், பெட்டி திறக்கும். அதுதான் ஏற்பாடு.

அந்தக் கடவுச்சொல் என்ன தெரியுமா? சென்டரின் போன் நம்பர். வாசல் போர்டில் ஆளுயர எழுத்தில் இருக்கிற அதே நம்பர். வேலையை விட்டுப் போன ஒருவர் வெளியிலிருந்தே உள்ளே நுழைந்து யாரோ ஒரு பெண்ணின் படத்தைப் பார்த்திருக்கிறார் என்று தெரிந்ததும், தங்கை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கடவுச்சொல்லை மாற்றினாள். மென்பொருளிலும் புதியதைப் போட்டாள். சோதித்தாள், திறந்தது. வீட்டுக்கு வந்து நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

திங்கட்கிழமை காலை திரையில் சிவப்பு எழுத்து: கடவுச்சொல் தவறு. நகல் போகவில்லை.

மறுபடி அடித்தாள். மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். இரண்டு பக்கத்துக் கடிகாரங்களையும் ஒப்பிட்டாள். செவ்வாயும் அதே சிவப்பு, புதனும் அதே சிவப்பு. படங்கள் போய்விடக் கூடாது என்று தினமும் ஒரு கையடக்க டிஸ்கில் தானே நகல் எடுத்துப் பூட்டிவைத்தாள். ஆனால் மேனேஜருக்கு அந்தச் சிவப்பு எழுத்துதான் கண்ணில் நின்றது. வியாழக்கிழமை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பழைய நம்பரையே போட்டுவிடு, இல்லையென்றால் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு வெளியாளை வரச் சொல்கிறேன், அவரே எல்லாப் பொறுப்பையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று. அதாவது அவளுக்கு அங்கே இடமில்லை.

"பழைய குருடி கதவைத் திறடின்னு திரும்பப் போகச் சொல்றார்க்கா. அந்தப் பொண்ணு படத்தை இன்னொருத்தன் பார்த்தா யார் பதில் சொல்றது?" என்றாள் அன்று சாயங்காலம். அவள் முடிவெடுத்துவிட்டுத்தான் என்னிடம் கேட்பாள்.

வெள்ளிக்கிழமை தொழிற்சாலைப் படியில் கால் இடறிக் கையை ஊன்றியதில் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. படம் எடுக்க அவள் சென்டருக்கே போனேன். எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டு அனுப்பினார்கள். மணி இரண்டே கால். மேல்மாடிக்குப் போனால், அவள் முன்னால் மூன்று பக்கம் முழுக்கக் கடிகார நேரங்கள் எழுதியிருந்தன. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை கடவுச்சொல்லை அடித்துப் பார்த்து, திறந்ததா இல்லையா என்று குறித்திருக்கிறாள்.

"சில நேரம் திறக்குதுக்கா, சில நேரம் திறக்கல. தப்பான பாஸ்வேர்டு எப்பவும் தப்பாத்தானே இருக்கணும்?"

சட்டைக் கணக்கு போலத்தான் எனக்கு அது தெரிந்தது. ஓரத்தில் விரலை வைத்துக்கொண்டே போனேன். மூன்று முறை இல்லை, ஒரு முறை ஆம், மறுபடி மூன்று முறை இல்லை. அவளும் அதையே கண்டுபிடித்திருந்தாள். யாராவது ஐந்து முறை தவறாக அடித்தால் பெட்டி அரை மணி நேரம் தன்னைப் பூட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் சரியான சொல்லைச் சொன்னாலும் தவறு என்றுதான் பதில் வரும். அப்படியானால் நாற்பது நிமிஷத்துக்கு ஒருமுறை வேறு ஏதோ ஒன்று பழைய சொல்லோடு வந்து ஐந்து முறை தட்டிக்கொண்டிருக்கிறது. காலையில்தான் பெட்டியின் வருகைப் பதிவைத் திறந்து பார்த்திருக்கிறாள். தட்டுவதன் நெட்வொர்க் முகவரி இருந்தது. ஆனால் அவள் பட்டியலில் அந்த முகவரியில் எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை.

மாடி மூலையில் எல்லா அறைகளின் வயர்களும் வந்து சேரும் தட்டு ஒன்று இருந்தது. இருபத்துநான்கு வயர், பாதிக்குப் பெயர்ச்சீட்டு இல்லை. ஒவ்வொரு அறைக்கும் போன் செய்து, ஸ்கேன் ஓடவில்லையே என்று கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடுங்கி, அந்த முகவரி பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டினாள். நடுவில் மேனேஜர் எட்டிப் பார்த்து, கொடியில் துணி எடுப்பது போல என்ன செய்கிறாய் என்றார். "இன்னும் பதினொண்ணு இருக்கு சார்" என்றாள், திரும்பாமலே.

பதினான்காவது வயரைப் பிடுங்கியதும் முகவரி மௌனமானது. அது எந்த அறை என்று அவளுக்குத் தெரியவில்லை. தேடவும் வேண்டியிருக்கவில்லை. ஐந்து நிமிஷத்தில் ஒருவர் மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"யாரும்மா கையை வச்சது? என் ரூம்ல பச்சை லைட்டு அணைஞ்சுபோச்சு."

அவரை அங்கே டார்க்ரூம் அண்ணன் என்பார்கள். பிலிம் கழுவிய காலத்து ஆள். இப்போது ரிப்போர்ட்டை உறையில் போட்டுக் கொடுக்கிறார். பழைய இருட்டறையின் சாவி அவரிடம்தான். அவரோடு கீழே போனோம். பிலிம் பெட்டிகளுக்குப் பின்னால், திரை இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு பொட்டுத் தூசி இல்லாமல். ஏழு வருஷத்துக்கு முன் இருந்த கம்ப்யூட்டர்காரர் இதை எப்போதும் அணைக்கக் கூடாது, பச்சை விளக்கு எரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் போய்விட்டார். இவர் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். வாரம் ஒருமுறை துடைத்து, கரண்டு போனாலும் நிற்காதபடி பேட்டரி லைனும் போட்டு வைத்திருந்தார். அதுவும் தனக்குச் சொன்னபடி, அந்தக் காலத்து நகலை அனுப்பப் போன் நம்பரைச் சொல்லிச் சொல்லிப் பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தது.

வயரை மட்டும் பிடுங்கினால் நாளைக்கு யாராவது மாட்டிவிடுவார்கள், அணைக்கவே வேண்டும் என்றாள் தங்கை. சொன்னவர் வந்து சொல்லட்டும் என்றார் அவர். அவள் விடாக்கண்டன் என்றால் அவர் கொடாக்கண்டன். மணி மூன்று ஐம்பது. மேனேஜரிடம் சொல்லி அதட்டி வாங்கிவிடலாம் என்று நான் காதில் சொன்னேன். அவள் கேட்கவில்லை. ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, ஏழு வருஷமா நீங்க ஒரு நாள்கூடத் தவறல. தப்பு உங்க மேல இல்ல, போறவர் யார்கிட்டயும் எழுதிக் கொடுக்காமப் போனாரே, அது. நான் எழுதித் தர்றேன்."

எழுதினாள். இன்ன கம்ப்யூட்டர், இன்ன அறை, இதன் வேலை முடிந்தது, அணைக்கச் சொன்னது நான், தேதி, நேரம், கையெழுத்து. அவர் கண்ணாடி போட்டு இரண்டு முறை படித்தார்.

"நாளைக்கு யாராவது கேட்டா?"

"இந்தத் தாளைக் காட்டுங்க. என்னைத்தான் கேப்பாங்க."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அணைக்கும் முறையை அவள் சொல்லச் சொல்ல, அவர் கையாலேயே அணைத்தார். இரண்டு நிமிஷம் அங்கேயே நின்றார்.

பெட்டியின் பூட்டு விலகுவதற்குக் காத்திருந்தோம். நாலரைக்குத் திறந்தது. நாலு முப்பத்தைந்துக்கும் திறந்தது. பத்து நிமிஷம் தள்ளி, முன்பென்றால் மூடியிருக்க வேண்டிய நேரத்திலும் திறந்தது. நகலை ஓட விட்டாள். மேனேஜர் ஐந்து மணிக்குச் சரியாக வந்து நின்றார். திரையில் சிவப்பு இல்லை, எண் ஏறிக்கொண்டிருந்தது. யார் செய்த தப்பு என்று கேட்டார். பழைய ஆள் போகும்போது ஒப்படைப்பு எழுதப்படவில்லை என்று மட்டும் சொன்னாள். அவர் வெளியாளுக்குப் போன் போட்டு வர வேண்டாம் என்றார். பிறகு அவளைப் பார்த்து, "சரி, நீ போட்ட பாஸ்வேர்டே இருக்கட்டும்" என்றார்.

வேறு யாராவது என்றால் அதோடு நன்றி சொல்லியிருப்பார்கள்.

"சார், நான் உள்ள போய்ப் பார்க்காத ரூம் இன்னும் நாலு இருக்கு. சாவி வேணும்."

மேனேஜர் என்னைப் பார்த்தார், என்னமோ நான் தடுப்பேன் என்பது போல. பிறகு இழுப்பறையைத் திறந்து கொத்தை எடுத்துக் கொடுத்தார். அவள் எண்ணி வாங்கிக்கொண்டாள்.