திரையில் வந்த ஜரிகை சாட்சி

முதலாளி கொடுத்த வெள்ளி ஜரிகையைத் திருடிவிட்டு, போலி ஜரிகையில் சேலை நெய்தான் என்று என் அண்ணன் மேல் வழக்கு. சேலையைச் சோதித்த ஆய்வக நிபுணர் வெளிமாநிலத்துக்கு மாற்றலாகிவிட்டதால் மூன்று வாய்தா வீணானது. அவர் சாட்சி சொன்னால்தான் அவருடைய அறிக்கை செல்லும். ஒருவழியாக, வீடியோவில் சாட்சி சொல்ல நீதிபதி அனுமதித்தார்.

"ஃபைவ்ஜி இருக்குதுண்ணா, கட் ஆவாது" என்றேன்.

"உன் ஃபைவ்ஜி கெடக்கட்டும். அந்தாளு வாயத் தொறக்கட்டும்மா."

திரையில் முதலில் நிபுணரின் நெற்றி மட்டும் தெரிந்தது. எழுத்தர் கேமராவை இறக்கச் சொன்னதும் முகம் வந்தது. சேலையில் இருப்பது போலி ஜரிகைதான் என்றார். அண்ணன் கூண்டில் தலை குனிந்தான்.

இழை அறுந்தால் ஒட்டுப்போட, எங்கள் பிள்ளையார்பாளையத்து நெசவாளிகள் ஒரு ஜரிகைக் கட்டைப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். முதலாளியின் முத்திரையோடு அண்ணன் வைத்திருந்ததையும் போலீஸ் ஆய்வகத்துக்கு அனுப்பியிருந்தது. எங்கள் வக்கீல் அதைப் பற்றிக் கேட்டார்.

"அதுவும் போலிதான். முத்திரையை உடைச்சதே நான்தான்" என்றார் நிபுணர்.

கொடுத்ததே போலி என்றால், அண்ணன் எதைத் திருடியிருக்க முடியும்?

தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் வாசலுக்கு வந்ததும் அண்ணன், "பசிக்குதும்மா, இட்லி துண்ணலாம் வா" என்றான். வழக்கு வந்த நாளிலிருந்து அவன் பசிக்கிறது என்று சொல்லி நான் கேட்டதேயில்லை.