சாவி கொடுக்கும் நாளின் பால்

நடந்தவற்றை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. என் சித்தியின் சிறுநீரகங்கள் பழுதாயின.
2. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் குடியிருந்த சொந்த வீட்டை விற்க வேண்டி வந்தது.
3. அதில் வாழ ஆசைப்பட்டு ஒரு குடும்பம் வந்தது. அவர்களால் வாங்க முடியவில்லை.
4. இடிக்க நினைத்தவர் வாங்கினார்.
5. சாவி கொடுத்த அன்று பால் பொங்கி வழிந்தது.

முதல் நான்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்தக் குடும்பத்துக்கும் நடக்கக் கூடியவை. ஐந்தாவதைச் சொல்ல வேண்டுமானால் ஒரு பால் சட்டியிலிருந்து தொடங்க வேண்டும். மரக் கைப்பிடி போட்ட அலுமினியச் சட்டி. சித்தியின் காரின் பின்பெட்டியில், 'விற்பனைக்கு' என்று மூன்று மொழிகளில் எழுதிய பலகைகளுக்கும் அவற்றை வாசல் கம்பிகளில் கட்டும் குறடுக்கும் நடுவே, பழைய துண்டு ஒன்றில் சுற்றிக் கிடக்கும். பக்கத்தில் கையில் தூக்கிச் செல்லும் சிறிய கேஸ் அடுப்பு. கார் வளைவில் திரும்பும்போதெல்லாம் சட்டி உருண்டு அடுப்பில் மோதும். அந்தச் சத்தம் கேட்டால் சித்தி வந்துவிட்டார் என்று எங்கள் வீட்டில் தெரிந்துகொள்வோம்.

சித்தி வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட். மற்றவர்கள் வரிசை வீடுகளையும் அடுக்குமாடிகளையும் விற்றுக்கொண்டிருந்தபோது, யாரும் தொடத் தயங்கிய வீடுகள் மட்டும் எப்படியோ இவரைத் தேடி வந்தன. 'பைத்தியக்கார வீடுகள்' என்று செல்லமாகச் சொல்வார். கிள்ளானில் தெருமுனையில் ஒரு வீடு, கப்பலின் முன்பகுதிபோல வளைந்து நிற்கும். அதன் ஜன்னல்கள் வளைவு முழுக்கச் சுற்றி ஓடும். அம்பாங்கில் பழைய ஈயச் சுரங்கக் குட்டையின் ஓரமாக ஒரு வீடு, சின்னப் பாலம் ஒன்றைக் கடந்துதான் வாசலுக்குப் போக முடியும். தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலைகளுக்கு நடுவே வண்ணக் கண்ணாடி வைத்த பலகை வீடு. மாலை வெயிலில் அதன் கூடத்துத் தரை பச்சையும் சிவப்புமாகக் கிடக்கும். நான் கட்டடப் பொறியாளர். விரிசல், கசிவு, ஈரம் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை. சனிக்கிழமைகளில் சித்தியோடு போய் இந்த வீடுகளை அளந்து தரைப்படம் வரைந்து கொடுப்பேன். "விரிசலைக் கண்டா மட்டும் உனக்கு முகம் மலருது. மாப்பிள்ளைப் பையனைக் கண்டா மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிற" என்று வாங்க வந்தவர்களின் முன்னாலேயே சொல்வார். அவர்களிடமும் அதே வாய்தான். கிள்ளான் வீட்டைப் பார்க்க வந்த ஒருவரிடம், "அங்கிள், இந்த வீட்டுல சோபா போட நேர் சுவரே கிடையாது. இப்பவே சொல்லிட்டேன். அப்புறம் போன் பண்ணி என்னைத் திட்டக் கூடாது லா" என்றார். அந்த அங்கிள் சோபாவை விற்றுவிட்டு வீட்டை வாங்கினார்.

பால் காய்ச்சும் வழக்கம் அந்த வளைந்த வீட்டில்தான் தொடங்கியது. புது வீட்டுக்குக் குடிபோகும்போது பால் காய்ச்சுவது நம் எல்லோருக்கும் தெரிந்தது. விற்றுவிட்டுப் போகிறவர்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. வக்கீல் அலுவலகத்தில் கையெழுத்து, அப்புறம் ஒருநாள் சாவி, அவ்வளவுதான். அந்த வீட்டை விற்றவர் மனைவியை இழந்த முதியவர். சாவி கொடுக்க வேண்டிய நேரத்தில், ஜன்னல் ஒன்று சாத்தாமல் இருக்கிறது என்று உள்ளே போனார். திரும்பி வந்தார். இன்னொரு ஜன்னல் ஞாபகம் வந்து மறுபடி போனார். வாங்கியவர்கள் வாசலில் காத்திருந்தார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் சித்தி எதிர்க்கடையில் பால் வாங்கி, சமையலறையில் மிஞ்சிக் கிடந்த ஒரு சட்டியில் காய்ச்சி, "கடைசியா ஒரு வாய் குடிச்சிட்டுப் போகணும் அங்கிள், அதுதான் வழக்கம்" என்று அடித்து விட்டார். அவர் உட்கார்ந்து குடித்தார். தானே டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தார். சாவியைக் கொடுத்துவிட்டு, சட்டியைச் சித்தியையே வைத்துக்கொள்ளச் சொன்னார்.

அந்த நிமிடத்தில் பிறந்த பொய்தான் வழக்கமாயிற்று. அடுத்து வீடு விற்றவர்கள் தாங்களாகவே கேட்டார்கள். கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு முஸ்லிம் அண்ணன் ஏலக்காய் தட்டிப் போடச் சொன்னார். ஒரு சீன ஆன்டி டின் பால்தான் வேண்டும் என்று நின்றார். ஒருமுறை, பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் இதற்கான சாஸ்திரம் என்னவென்று சித்திக்கே விளக்கினார். சித்தி கைகட்டி நின்று கேட்டார். காரில் ஏறிய பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் வண்டியை ஓரமாக நிறுத்தினார். ஆனால் தன் பங்குக்கு ஒரு விதியை அவரே சேர்த்திருந்தார். குடிவரும்போது பால் பொங்க வேண்டும். போகும்போது பொங்கக் கூடாது. நுரை விளிம்பைத் தொடும் நேரத்தில் அணைத்துவிட வேண்டும். பொங்கினால் வீடு ஆளை விடவில்லை என்று அர்த்தம் என்பார். அடுப்பில் சட்டி இருக்கும்வரை சித்தியிடம் யாரும் பேச முடியாது. போன் அடித்தாலும் திரும்பமாட்டார்.

அவருடைய சொந்த வீடும் பைத்தியக்கார வீடுதான். சித்தப்பா உயிரோடு இருந்தபோது இருவரும் சேர்ந்து வாங்கியது. ரயில்வேயில் வேலை பார்த்த ஒரு வரைபடக்காரர் தனக்காகக் கட்டிக்கொண்ட வீடு என்று கேள்வி. எல்லா வீடுகளிலும் கூரை நடுவில் உயர்ந்து இருபுறமும் சரியும். இங்கே இருபுறமும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும், மல்லாத்தி விரித்து வைத்த புத்தகம்போல. மழைநீர் முழுதும் அந்த நடுப்பள்ளத்தில் சேர்ந்து, ஒரு கான்கிரீட் வாய் வழியாக, வீட்டுக்குள்ளேயே இருந்த திறந்த முற்றத்துத் தொட்டியில் விழும். மழை பெய்தால் வீட்டுக்குள் ஒரு சிறு அருவி. சமையலறையிலிருந்து பார்த்தால் நேர் எதிரே தெரியும். சிறுமியாக அங்கே தங்கிய விடுமுறைகளில் நான் காத்திருந்ததெல்லாம் அதற்காகத்தான். இந்தக் கூரை எப்படி ஒழுகாமல் நிற்கிறது என்ற கேள்விதான் பிறகு என்னைப் பொறியியல் பக்கம் கொண்டுபோய் விட்டது என்று நினைக்கிறேன்.

அறைகள் எல்லாம் அரை மாடி ஏறி, அரை மாடி இறங்கி இருந்தன. டயாலிசிஸ் தொடங்கிய பிறகு சித்தியால் அந்தப் படிகளில் ஏற முடியவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரில் இருக்கும் அவருடைய மகன், எனக்கு அண்ணன் முறை, காஜாங்கில் லிஃப்ட் உள்ள அடுக்குமாடியில் வீடு பார்த்தான். சித்தி மறுக்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "குடியிருக்கிற ஆளா பாருங்க. நான் கண்ணால பாத்து, பால் காய்ச்சிக் கொடுத்துட்டு வரணும்."

அப்படி ஒரு குடும்பம் வரவும் செய்தது. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் மகள். தன் வாடிக்கையாளர்களுக்கு வைத்திருந்த சட்டத்தைச் சித்தி தனக்கும் வைத்தார்: வீட்டை ஒருமுறையாவது மழையில் பார்க்க வேண்டும். அவர்கள் மழையில் வந்தார்கள். அந்தப் பெண் குழந்தை தொட்டி ஓரத்தில் நின்றுகொண்டு நகர மறுத்தது. "இவ ரூம் எதுன்னு கேக்கல ஆன்டி, மீன் விடலாமான்னு கேக்குறா" என்றார் அந்த அம்மா. சித்தி அன்று இரண்டு முறை சாப்பிட்டார். நான் கூரையையும் உத்திரங்களையும் பரிசோதித்து, வீடு திடமாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தேன். ஆனால் வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் நிலத்தை மட்டுமே கணக்கில் எடுத்தார். இவ்வளவு பழைய கட்டடத்துக்கு மதிப்பு இல்லை. நிலத்தின் மேல் அது இருக்கிறது, அவ்வளவுதான். அவர்களுக்குத் தேவையான கடன் கிடைக்கவில்லை. அந்த அம்மா போனில் அழுதார். ஆயுள் முழுக்க வீடுகளுக்கு விலை சொன்ன சித்தி, "மதிப்பு இல்லைன்னா எழுதியிருக்கான்?" என்று என்னிடம் ஒரே ஒருமுறை கேட்டார். பிறகு அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இருபக்கத்து வீடுகளையும் ஏற்கெனவே வாங்கியிருந்த, கட்டடம் கட்டும் சீனக் குத்தகையாளர் வாங்கினார். அவரைக் கெட்டவர் என்று என்னால் சொல்ல முடியாது. மறைக்கவும் இல்லை, மூன்று மனைகளையும் சேர்த்து உயரமாகக் கட்டப்போவதாகச் சொன்னார். சாவி வாங்க ஆளை அனுப்பாமல் தானே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, வெறும் வீட்டுக்குள் ஓரமாக நின்றார்.

"இடிக்கிற வீட்டுக்குப் பால் எதுக்கும்மா?" என்றான் பெர்த்திலிருந்து வந்திருந்த அண்ணன், மெதுவாகத்தான்.

"இடிக்கிறது அவரு. போறது நான்தானே? நகரு."

சமையலறையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். எதிரே மேடையில் அடுப்பை வைத்து, சித்தியே பற்றவைத்தார். ஊசி போட்டுப் போட்டு வீங்கியிருந்த கையால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வானம் காலையிலிருந்தே மூடியிருந்தது. பால் சூடேறும்போது மழை வந்தது. முதலில் கூரையின் இரு பக்கங்களிலும் சடசடவென்ற சத்தம். பிறகு பள்ளத்தில் நீர் சேர்ந்து உருண்டு வரும் ஓசை. கான்கிரீட் வாயிலிருந்து முதலில் ஒரு நூலாக விழுந்து, சட்டென்று முழு அகலத்துக்கும் கொட்டியது. "வாஹ்" என்றார் அந்தக் குத்தகையாளர், தன்னை அறியாமல். நாங்கள் நிமிர்ந்து பார்த்தோம். சித்தியும் பார்த்தார். சட்டியிலிருந்து அவர் கண்ணை எடுத்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

பால் பொங்கி விளிம்பைத் தாண்டி அடுப்பில் சுருசுருவென்று வழிந்தது. தீய்ந்த வாசனை வந்த பிறகுதான் திரும்பினோம். நான் கை நீட்டுவதற்குள் சித்தி அணைத்துவிட்டார். கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாத்தியாடி, என்னைக் குடிவரச் சொல்லுது" என்றார். சிரித்தார். அண்ணன் முற்றத்துப் பக்கம் போய் எங்களுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டான்.

மிஞ்சியதை டம்ளர்களில் ஊற்றினேன். அந்தக் குத்தகையாளர் இரண்டு கைகளாலும் வாங்கிக் குடித்தார். பால் பொங்கியது நல்லதா கெட்டதா என்று மலாயில் கேட்டார். சித்தி சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, "பாகுஸ் போஸ், பாகுஸ்" என்றார். நல்லதுதான் என்று இரண்டு முறை சொன்னார்.

அதன் பிறகு சித்தி அதிக நாள் இருக்கவில்லை. காஜாங் வீட்டில் எட்டாவது மாடி. மழை பெய்தால் ஜன்னல் கண்ணாடியில் தெரியும், சத்தம் கேட்காது. வீட்டை இடிக்கும் நாளைத் தன்னிடம் சொல்லக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார். சொல்லவில்லை. நான் மட்டும் போய்ப் பார்த்தேன். கூரையின் நடுப்பள்ளத்தைத் தாங்கிய உத்திரம் உடைந்து கிடந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து பார்த்தேன். உள்ளே கம்பிகள் துருப்பிடிக்காமல் இருந்தன.

இப்போதைய நிலை இதுதான். மூன்று மனைகளையும் சுற்றித் தகர வேலி நிற்கிறது. அதில் கட்டப்போகும் கட்டடத்தின் படம் ஒட்டியிருக்கிறது. மீன் விடலாமா என்று கேட்ட குழந்தையின் குடும்பம் காஜாங்கில் ஒரு வரிசை வீடு வாங்கிவிட்டது. பலகைகளை வேறொரு ஏஜென்டிடம் கொடுத்தேன். சட்டியும் அடுப்பும் என் காரின் பின்பெட்டியில் இருக்கின்றன. சித்தி மூலம் வீடு வாங்கியவர்கள் இப்போது விற்கிறார்கள். சாவி கொடுக்கும் நாளில் என்னைக் கூப்பிடுகிறார்கள், நான் போகிறேன். சட்டியின் வெளிப்புறத்தில் அன்று வழிந்த பாலின் கரி ஒரு கோடாக இருக்கிறது. அதைத் தேய்க்கவில்லை. அதன் பிறகு எந்த வீட்டிலும் பால் பொங்கவில்லை.