வாசல் போர்டில் யார் மூஞ்சி?

ஃபிளக்ஸ் போர்டு, வாட்ஸ்அப் பத்திரிகை, கல்யாண லைவ் என்று கடை போட்டிருப்பவனிடம் ஜனங்கள் ஒரு மூஞ்சியைக் கொடுத்துவிட்டு வேறொரு மூஞ்சியைக் கேட்பார்கள்; இதுதான் தொழில். தென்காசி கூலக்கடை பஜாரில் என் கடை. வயது எழுபதை நெருங்குகிறது. பொறுமை எப்போதோ போய்விட்டது. உங்களுக்கும் இதெல்லாம் தெரியாததல்ல. உங்கள் போனிலும் கேமரா இருக்கிறது. நீங்களும் அதில் கன்னத்தை வழித்து, கறுப்பைத் தேய்த்து, ஸ்டேட்டஸ் வைத்தவர்கள்தான். அதனால் நீட்டவில்லை. போன ஆவணியில் ஒரே ஒரு கல்யாணம் என்னைப் படுத்திய பாட்டை மட்டும் சொல்கிறேன்.

பெண்ணுக்கு வெள்ளையடித்தது

மாப்பிள்ளை இசக்கிராஜ். இலத்தூர்க்காரன், போலீஸில் இருக்கிறான். தகப்பன் இல்லை. தாய்மாமன் சண்முகையாதான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிற ஆள். அவர் பெண்ணின் போட்டோவோடு வந்தார். பெண் முத்துசெல்வி. வடகரை, நர்ஸ் வேலை. நல்ல கறுப்பு, களையான முகம். வாட்ஸ்அப் பத்திரிகைக்கு நிறத்தைக் கொஞ்சம் ‘தூக்கி’க் கொடுக்கச் சொன்னார். தூக்கினேன். பத்தாது என்றார். இன்னும் தூக்கினேன். மூக்குத்தி மறைந்தது. இன்னும் என்றார். மூக்கே மறைந்தது. இரண்டு கண்ணும் ஒரு பொட்டும் மட்டும் இட்லி மாவில் விழுந்த மாதிரிக் கிடந்தன. இத்தனைக்கும் சண்முகையாவும் நானும் சேர்ந்து நின்றால் கரி பிடித்த அடுப்படிச் சுவர் தோற்றுப்போகும்.

“மூக்கு வேணுமா வேண்டாமாவே?” என்று கேட்டேன். கண்ணைச் சுருக்கிக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். “மூக்கு இருந்தா இருக்கட்டும், இல்லாட்டாப் போவுது. புளியரையத் தாண்டி இருக்கப்பட்ட மலையாளத்துப் பிள்ள மாதிரித் தெரியணும், அம்புட்டுதான்.”

மீசை வைத்த போட்டோ

மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா பேச்சியம்மா வந்தாள். மண்டப வாசலில் நிறுத்துகிற வரவேற்பு போர்டுக்கு வீட்டு ஆட்களின் போட்டோக்களைக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கம் அந்த போர்டு ஒரு ரேஷன் கார்டு மாதிரி. வட்ட வட்டமாக முகங்கள் இருக்கும். அதில் இருந்தால் சொந்தம். இல்லாவிட்டால் சாப்பிட வந்த ஆள்.

கடைசிப் போட்டோ ஒரு பையன். அரும்பு மீசை, பள்ளிக்கூடச் சட்டை. யாரென்று எனக்குத் தெரியும். பேச்சியம்மாவின் மூத்த பிள்ளை, கோமதிநாயகம். சேலை கட்ட ஆரம்பித்து, பேரில் பாதியை வெட்டி எறிந்து, கோமதியாகி வருஷம் பலவாகிவிட்டது. திருநங்கை. குற்றாலத்தில் வீடெடுத்து, யூடியூபில் சமையல் சேனல் நடத்துகிறாள். அவள் கிண்டுகிற கூட்டாஞ்சோற்றைப் பார்த்துத்தான் இலத்தூரில் பாதி வீட்டில் அடுப்பு எரிகிறது. பேச்சியம்மாவும் தினமும் பார்க்கிறாள். சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு.

“இந்த மூஞ்சி இப்ப உலகத்துலயே இல்லயே தாயி. வாரவன் யாருன்னு கேக்க மாட்டானா?” என்றேன். அவள் அந்தப் போட்டோவை முந்தானையால் ஒருதரம் துடைத்தாள். “போன்ல அவ இருந்துட்டுப் போகட்டும் அண்ணாச்சி, போர்டுல இவன் இருக்கட்டும். என் தம்பி சண்முகையா அதுக்குத்தான் சம்மதிச்சிருக்கான்.”

கோமதி சொன்ன கண்டிஷன்

விஷயம் எப்படியோ கோமதி காதுக்குப் போய், அவளே கடைக்கு வந்துவிட்டாள். அவளுடைய வீடியோக்களுக்கு முகப்புப் படம் செய்வது நான்தான். அந்தப் பாவத்துக்கு அவளுக்கு வருகிற கமெண்டையெல்லாம் நானும் படித்துத் தொலைக்கிறேன். ஒருவன் ‘தாயே, ஆசீர்வாதம் பண்ணு’ என்கிறான். ஒருவன் ‘சாபம் விட்டுறாதே’ என்கிறான். ஒருவன் எழுதக் கூசுவதை எழுதுகிறான். எல்லாம் ரசம் வைக்கிற வீடியோவுக்குக் கீழே! புளி எவ்வளவு என்று கேட்பவன் எங்காவது ஒருத்தன். அவனுக்கு மட்டும் கோமதி பதில் போடுவாள். மெட்ராஸிலிருந்து ஒரு குறும்படக்காரன் நடிக்கக் கூப்பிட்டானாம். ரயிலில் கைதட்டிக் காசு கேட்கிற வேஷம். ‘சமைக்கிற வேஷம் இருந்தாச் சொல்லுங்க’ என்று போனை வைத்துவிட்டாள்.

மீசைப் போட்டோவைக் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்தாள். கோபப்படவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள். ஒரே தம்பி. அவனுக்குக் கூடப் பிறந்தவள் இவள் ஒருத்திதான். சின்ன வயதில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அலைந்தவள். போகவேண்டும் என்று இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எழுந்து சேலையை உதறினாள். “இந்த மீசைப் பயலப் போட்டா, கல்யாணத்துக்கும் அவனையே கூப்பிட்டுக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி. என் மூஞ்சி அந்த போர்டுல இருந்தா வாரேன். இல்லன்னா நீங்க போடுத லைவ்ல பாத்துக்கிடுதேன், லைக்கும் போட்டுருதேன்.”

கூட்டாளிகள் தொல்லை

இதற்கு நடுவில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் ஒரு கும்பலாக வந்து நின்றார்கள். அவர்களுக்குத் தனி போர்டு வேண்டும். ஆளுக்கொரு கூலிங் கிளாஸ், காதில் போன். பின்னால் ஒரு புலி. புலிக்குப் பின்னால் தீ. தீக்குப் பின்னால் எதற்கோ ஒரு ஹெலிகாப்டர். இசக்கிராஜ் நல்ல தொப்பைக்காரன். அவன் தலையை வெட்டி, எவனோ ஒரு வெள்ளைக்காரப் பயில்வான் உடம்பில் ஒட்டச் சொன்னார்கள். ஒட்டினேன். கழுத்துக்கு மேலே தென்காசி, கழுத்துக்குக் கீழே சீமை. நிறம் சேரவில்லை என்றேன். தலையையும் வெளுக்கச் சொன்னார்கள்.

எல்லாம் முடிந்ததும் பார்த்தால் போர்டில் கல்யாணப் பெண்ணைக் காணோம். பேர்கூட இல்லை. “பொண்ணு எங்கடே?” என்றேன். ஒருத்தன் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். “பொண்ண வச்சா எங்கள்ல ரெண்டு பேரு வெளிய போவணுமே அண்ணாச்சி, இல்லன்னா புலிய எடுக்கணும்.”

ஐந்தருவிப் பக்கம்

கல்யாணத்துக்கு முந்தின வாரம், மாப்பிள்ளை பெண் இருவரையும் வைத்து வீடியோ எடுக்கக் குற்றாலம் போனோம். இப்போதெல்லாம் இது ஒரு சடங்கு. தாலிக்கு முன்னால் ட்ரோன். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் சாரல் விழுந்துகொண்டே இருந்தது. “குடையப் பிடிடே, அந்தப் பிள்ள நனையுது” என்றேன். இசக்கிராஜ் பிடிக்கமாட்டேன் என்கிறான். ஆம்பளை குடை பிடித்தால் போலீஸ் ஸ்டேஷன் வாட்ஸ்அப் குரூப்பில் கிழித்துவிடுவார்களாம். சரி, தினமும் ஸ்கூட்டர் ஓட்டி வேலைக்குப் போகிறவள் முத்துசெல்வி, அவள் ஓட்டட்டும், நீ பின்னால் உட்கார் என்றேன். அதற்கும் கிழிப்பார்களாம். கடைசியில் அவள் குடையைப் பிடிக்க, அவன் தலை நனையாமல் வீரமாக நடந்துவந்தான்.

டீக்கடையில் ஒதுங்கியபோது முத்துசெல்வி நான் வெளுத்துக் கொடுத்த பத்திரிகையைப் போனில் எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவளுக்கு கோமதி விஷயமும் தெரிந்திருந்தது. இரண்டு பேரும் போனில் பேசிக்கொள்கிறார்களாம். இசக்கிராஜ் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “அக்கா வந்தா எனக்கும் ஆசதான். மாமாட்ட யாரு சொல்லது?” என்றான். துப்பாக்கி பிடிக்கிறவன் பேச்சு இது. அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “இந்த அருவிக்கடியில ஒரு வருசம் நின்னாலும் எனக்கு இப்படி வெளுக்காது அண்ணாச்சி. போர்டுல என் கலரையும் வைங்க, எங்க கோமதி மதினியையும் வைங்க. ரெண்டையும் மறைச்சுட்டு நான் எப்படி அந்த வாசல்ல நுழைய?”

சண்முகையாவின் சம்மதம்

அப்படியே செய்தேன். முத்துசெல்வி அவள் நிறத்தில், மூக்கோடு, மூக்குத்தியோடு. பேச்சியம்மாவுக்குப் பக்கத்து வட்டத்தில் கோமதி, பட்டுச்சேலையில். கீழே ‘மணமகனின் அக்கா’ என்று பெரிய எழுத்து. யாருக்கும் தெரியாமல் ஒன்றும் செய்யவில்லை. அச்சுக்குப் போகுமுன் அவர்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு, ‘எல்லாரும் பார்த்துச் சொல்லவும்’ என்று எழுதினேன்.

என் தொழிலில் ஒரு விசேஷம் உண்டு. ஐம்பது மூஞ்சி உள்ள படத்தை அனுப்பினாலும் அவனவன் தன் மூஞ்சியை மட்டும் விரலால் பெரிசாக்கிப் பார்ப்பான். சித்தப்பா ஒருத்தர், விபூதி தெரியவில்லை என்றார். ஒரு அத்தைக்குக் கழுத்துச் சங்கிலி மறைந்துவிட்டதாம். மற்றவர்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். பேச்சியம்மாவிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பார்த்துவிட்டாள் என்பதற்கு நீல டிக் மட்டும் விழுந்தது. கடைசியாக சண்முகையாவின் குரல் மெசேஜ் வந்தது. பெண்ணை வெளுக்கச் சொன்ன அதே வாய். “எல்லாம் சரிதாம்வே. என் மீசையில இடது பக்கம் நரை தெரியுது பாரும். அத நல்லாக் கறுப்பாக்கிட்டு அச்சுக்கு அனுப்பிரும்.”

மாலையைப் பிடித்தவள்

கல்யாணத்தன்று காலையில் போர்டைப் பார்த்துவிட்டு சண்முகையா குதித்தார். கோமதி முகத்தில் ஒரு ரோஜாப் பூப் படத்தை ஒட்டச் சொன்னார். “உம்ம சம்மதத்தை ஒலிபெருக்கியில போடட்டுமா?” என்று போனை எடுத்தேன். அதற்குள் பொம்பளைகள் கூட்டம் போர்டை வளைத்துவிட்டது. சேனல்காரி படம் இருக்கிறதே! அதோடு நின்று செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸில் ஏற்றினார்கள். அதைப் பார்த்துவிட்டு கோமதி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பச்சைப் பட்டு. நேராக உள்ளே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் லைவ் கேமராவில் நின்றேன். அவள் ஒருதரம் தெரிந்ததும் கமெண்டில் சாக்கடை திறந்தது. கமெண்டை மூடுகிற பொத்தான் எங்கே இருக்கிறது என்று அன்றுதான் தேடிக் கண்டுபிடித்தேன்.

தாலியில் முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவான். மற்றதை அவன் உடன்பிறந்தவள், பெண்ணுக்கு நாத்தனார், போடவேண்டும். அதற்கு சண்முகையா, மாப்பிள்ளைக்குத் தங்கை முறையாகிற சித்தப்பா மகள் ரேகாவை ஏற்பாடு செய்திருந்தார். கெட்டிமேளம் கொட்டுகிறது, இசக்கிராஜ் முதல் முடிச்சைப் போட்டுவிட்டான், ரேகாவைக் காணோம். அவள் வாசலில், அந்த போர்டுக்கு முன்னால், ரீல்ஸ் எடுத்துக்கொண்டிருக்கிறாள். ஐயருக்கு அடுத்த கல்யாணம் கடையநல்லூரில். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். “அந்தப் பச்சைப் பட்டு, போர்டுல போட்டிருக்கிற அக்காதானே? ஓடி வாம்மா, நேரம் போகுது!” என்று மைக்கிலேயே கூப்பிட்டுவிட்டார். சண்முகையா ஒரு எட்டு முன்னால் வைத்தார். அதற்குள் முத்துசெல்வி தலையைக் குனிந்து பிடரியைக் காட்டிவிட்டாள். கோமதி வந்தாள். மஞ்சள் கயிறு மாலைக்குள் சிக்கிக்கொண்டு வரவில்லை. மகனுக்குப் பின்னால் நின்ற பேச்சியம்மா சுற்றிக்கொண்டு வந்தாள். இரண்டு கையாலும் மாலையை விலக்கிப் பிடித்தாள். என் மைக் பக்கத்தில் இருந்ததால் அவள் சொன்னது லைவில் எல்லாருக்கும் கேட்டது. “ஏட்டி, மெதுவா. நல்லா இறுக்கிப் போடு.”

ஒரு கை

நாலு நாள் கழித்து சண்முகையா கடைக்கு வந்தார். பின்னால் ரேகா, திட்டு வாங்கி அழுது வீங்கிய முகத்தோடு. கல்யாண வீடியோவைப் போடச் சொன்னார். முடிச்சு போடுகிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். திரையில் கோமதியின் கையும் பேச்சியம்மாவின் கையும் முத்துசெல்வியின் பிடரியும் மட்டும் பெரிதாகத் தெரிந்தன. விரலால் கோமதியின் கையைத் தொட்டுக் காட்டினார். அதை எடுத்துவிட்டு ரேகாவின் கையை அங்கே வைக்கவேண்டுமாம். துபாயிலிருக்கிற சொந்தக்காரர்களுக்கு அப்படித்தான் அனுப்பப்போகிறாராம். அளவு பார்க்க ரேகா கையை நீட்டிக்கொண்டே நின்றாள்.

முடியாது என்றேன். கம்ப்யூட்டரில் முடியாதா, என்னால் முடியாதா என்று கேட்டார். என்னால்தான் என்றேன். அவருக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே கேட்டார். “மீசையக் கறுப்பாக்குதீரு, பொண்ண வெளுப்பாக்குதீரு, தொப்பக்காரனப் பயில்வானாக்குதீரு. ஒரேயொரு கைய மாத்திப் போடச் சொன்னா மட்டும் உமக்கு ஏம்வே இம்புட்டு வீம்பு?”

ஆளுக்கு ஒரு மூஞ்சி வீட்டிலும் ஒரு மூஞ்சி போனிலும் வைத்திருக்கிற ஊரில் இரண்டுக்கும் பவுடர் பூசிப் பிழைக்கிறவன் நான், நடந்துமுடிந்த கல்யாணத்துக்கும் பூசச் சொன்னால் கடையைப் பூட்டிவிட்டுக் குற்றாலத்துக்குக் குளிக்கப் போய்விடுவேன்.