கறந்தவளுக்கு ஒரு டம்ளர்

பால் கறந்து முடித்து எழுந்திருக்கப் பார்த்தேன். முடியவில்லை. வலி எதுவும் கிடையாது, தொடையில் பலம் இல்லை, அவ்வளவுதான். மாட்டின் காலைப் பிடித்துக்கொண்டு எழலாம் என்று கையை வைத்தேன். அது நகர்ந்துகொண்டது. நான் சாணியில் உட்கார்ந்தேன், வாளி கவிழ்ந்தது. என் வீட்டுக்காரர் ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கிவிட்டார். பால் போனதைவிட, என்னைத் தூக்க ஒரு ஆள் வேண்டியிருந்ததுதான் அவமானமாக இருந்தது.

எங்கள் மகன் துபாயில் வேலை பார்க்கிறான். அன்று சாயங்காலத்துக்குள் அவனுக்குச் செய்தி போய்விட்டது.

“மாட்ட வித்துருங்கம்மா. விழுந்து இடுப்ப ஒடிச்சுக்கிட்டா யாரு பாக்குறது?” என்றான்.

சினை மாடு. கன்று ஈன்றதும் விற்றுவிடலாம் என்று அப்பாவும் மகனும் போனிலேயே பேசி முடித்துவிட்டார்கள். மாட்டைக் கன்றிலிருந்து வளர்த்தவள் நான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது போய்விட்டால் அந்த வீட்டில் எனக்கென்று இருப்பது டிவி ரிமோட் மட்டும்தான். அதுவும் பாதி நேரம் அவர் கையில் இருக்கும்.

பொன்னமராவதி ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் சோதித்தார்கள். சர்க்கரை இல்லை, சிறுநீரகம் நன்றாக இருக்கிறது என்று சொல்லி, டாக்டர் பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார். அங்கிருந்த பெண்ணுக்கு என் மகன் வயதுதான் இருக்கும். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டாள்.

மழைக்காலத்தில் வந்த காய்ச்சலுக்குப் பிறகுதான். வாரக்கணக்கில் படுத்தே கிடந்தேன். எங்கள் பக்கத்தில் காய்ச்சல்காரிக்குப் பால் கொடுக்க மாட்டார்கள், தயிர் கூடாது, முட்டை கூடவே கூடாது. கஞ்சியும் ரசமும்தான். காய்ச்சல் விட்ட பிறகும், சளி பிடிக்கும் என்று அந்தப் பத்தியத்தை நானே நீட்டிக்கொண்டேன்.

“வீட்ல மாடு இருக்குன்னீங்க. பால் குடிக்க மாட்டீங்களா?” என்றாள்.

“பால் சொசைட்டிக்கு ஊத்திருவோம்.”

“கொஞ்சங்கூட வச்சுக்க மாட்டீங்களா?”

“அவுகளுக்குக் காப்பிக்கு எடுத்து வைப்பேன். யாராச்சும் வந்தா டீ போடணும்ல.”

“உங்களுக்கு?”

“எனக்கு வரக்காப்பி போதும்மா” என்றேன், கொஞ்சம் வெடுக்கென்று. இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. வீட்டில் பால் இருந்தால் அது யாருக்கோ போக வேண்டியது என்றே பழகியிருந்தேன்.

அவள் என் தொடையை அழுத்திப் பார்த்தாள். “படுத்துக் கெடந்ததுல சதை கரைஞ்சு போச்சும்மா. நம்ம வயசுக்குத் தானா திரும்பி வராது. பால்லயும் தயிர்லயும் நல்ல புரோட்டீன் இருக்கு, ஒரே வேளையில இல்லாம மூணு வேளைக்கும் பிரிச்சுச் சாப்புடுங்க. சாப்ட்டா மட்டும் பத்தாது. நாற்காலில உக்காந்து, கை ஊனாம எந்திரிச்சுப் பழகணும்.” தன்னையும் சேர்த்து ‘நம்ம வயசு’ என்று அவள் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மாட்டுக்குக் கறவையை நிறுத்த வேண்டியதாயிற்று. ஈனப்போகிற மாட்டைக் கடைசி வரைக்கும் கறக்கக் கூடாது. ஊருக்கெல்லாம் பால் ஊற்றியவள் கடையில் போய் பாக்கெட் பால் வாங்கினேன். கடைக்காரர் என் முகத்தையும் பாக்கெட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

துபாயிலிருந்து ஊருக்கு வந்த ஒருவரிடம் மகன் புரோட்டீன் பவுடர் டப்பா கொடுத்துவிட்டிருந்தான். தூக்கவே ஒரு கை போதாது. தண்ணீரில் கலக்கிக் குடித்தேன், சாக்லேட் வாசனையில் குமட்டிக்கொண்டு வந்தது. வீணாக்க மனசு வரவில்லை. தவிட்டுத் தண்ணீரில் இரண்டு கரண்டி போட்டு மாட்டுக்கு வைத்தேன்.

“ஏ புள்ள, என்னத்தக் கொட்டுற?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் வீட்டுக்காரர்.

“சினையா இருக்குல்ல, அதுக்கும் சத்து வேணும்.”

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவில் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தார். “இது பால்லருந்து எடுத்ததாம்டி. மாடு குடுத்தத மாட்டுக்கே ஊட்டுறியா?”

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாடு ஒரு சொட்டு விடாமல் குடித்திருந்தது. பவுடர் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, பாலும் தயிரும் முட்டையும் ஒழுங்காகச் சாப்பிட்டால் போதும் என்று அந்த பிசியோதெரபிப் பெண்ணும் சொல்லிவிட்டாள்.

காலையில் பழையசோற்றுக்குக் கெட்டித் தயிர், மத்தியானம் முட்டை, சாயங்காலம் ஒரு டம்ளர் பால். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து எழுவேன். “என்னக்கா, தனியா மியூசிக்கல் சேர் விளையாடுறீங்களா?” என்று எதிர்வீட்டுக்காரி கிண்டல் செய்தாள். முதலில் கை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு அசையக்கூட முடியவில்லை. நாலைந்து வாரம் போயிருக்கும், ஒருநாள் போன் அடித்ததும் எழுந்து உள்ளே போனேன். பாதி வழியில்தான் உறைத்தது, கை ஊன்றவே இல்லை. போனை எடுக்காமல் அங்கேயே நின்று அழுதேன்.

ஒருநாள் விடிகாலையில் மாடு ஈன்றது. மாடு கன்றை நக்கிக்கொண்டிருந்தபோது வீட்டுக்காரர் மகனுக்கு வீடியோ கால் போட்டு போனை என் பக்கம் திருப்பினார். சாட்சிக்கு வைத்த மாதிரிதான். கன்றை ஊட்டவிட்டு, மிச்சச் சீம்பாலைக் கறக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்.

“அம்மா, பாத்து. அப்பாவப் புடிச்சுக்க” என்றான் மகன்.

வாளியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு எழுந்தேன். கால் நடுங்கத்தான் செய்தது. இன்னொரு கையை எதன்மேலும் வைக்கவில்லை. மகன் கன்றைக் காட்டச் சொன்னான்.

“கெடாரியாம்மா?” என்று கேட்டான். பெண் கன்றா என்று.

“ஆமாடா, கெடாரிதான்.”

“சரி, விக்க வேணாம். ரெண்டையும் வளத்துக்க” என்றான்.

சீம்பால் காய்ச்சினால் எங்கள் தெருவில் எல்லா வீட்டுக்கும் கொடுக்க வேண்டும். காய்ச்சுகிறவளுக்குச் சட்டியில் ஒட்டியது மிஞ்சும். கருப்பட்டி தட்டிப்போட்டுக் காய்ச்சி இறக்கியதும் வீட்டுக்காரர் கிண்ணங்களை வரிசையாக வைத்தார்.

“முதல்ல யாருக்கு?” என்று கேட்டார்.

முதல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மாட்டுக்குப் பக்கத்தில் போனேன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஆற அமரத் தின்றேன். தின்று முடித்து எழுந்திருக்க யாரையும் கூப்பிடவில்லை.